பத்துச் சுரமும் ஒரு சங்கீதமும்

ஜான் கோஸ் என்ற பெயரை நான் முதலில் பார்த்தது ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில், பாட்டின் வலது ஓரத்தில், எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்தில். கீபோர்டு வாசிக்க ஆரம்பித்த புதிது, யார் போட்ட ராகம் என்றெல்லாம் அப்போது யார் பார்த்தார்கள், விரல் சரியாக விழுந்தால் போதும் என்றிருந்தது. வேதப்புத்தகத்தில் வருகிற 103-ஆம் சங்கீதத்தை வைத்து ஹென்றி ஃபிரான்சிஸ் லைட் என்பவர் எழுதிய ஒரு துதிப்பாட்டுக்கு கோஸ் 1869-இல் போட்ட மெட்டு அது, லவுடா அனிமா என்று பெயர், உலகம் முழுக்க இங்கிலீஷ் கல்யாண ஆராதனைகளில் இன்றைக்கும் பாடுகிறார்கள். ஒவ்வொரு சரணத்துக்கும் ஆர்கனில் அடியில் ஓடுகிற சுரங்களை மாற்றி மாற்றி எழுதியிருப்பார். மெட்டு ஒன்றுதான், ஆனால் சரணம் மாறும்போது வெளிச்சம் மாறுகிற மாதிரி இருக்கும். அதை வாசித்து வாசித்துத்தான் இந்த மனிதர் மேல் எனக்குப் பிரியம் வந்தது. ஆனால் இன்றைக்கு எழுத உட்கார்ந்தது அந்தப் பாட்டைப் பற்றி இல்லை. அவர் எழுதிய இன்னொரு வகை இசை, எங்கள் பக்கத்தில் பெரும்பாலானவர்கள் கேட்டே இருக்காத ஒன்று, அதைப் பற்றி. சாண்ட்.

நான் இருப்பது ஈரோட்டுக்கும் சென்னிமலைக்கும் நடுவில். வாரநாளில் தறிக்கணக்கு, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கீபோர்டு. சபை சின்னது. கொயர் என்று சொல்ல ஒன்பது பேர் வருவார்கள், மஞ்சள் மண்டியில் பில் போடுகிற அக்கா ஒருவர், பெட்ஷீட் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், மீதியில் பாதி காலேஜ் பிள்ளைகள்.

சாண்ட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே எழுதுவது ஒன்றும் புரியாது. சங்கீதப் புத்தகத்தில் இருக்கிற வசனங்கள் பாட்டு மாதிரி அளவெடுத்து எழுதப்பட்டவை இல்லை. எபிரெயத்தில் அதற்கென்று ஓர் ஓட்டம் உண்டு, ஒரு வசனம் இரண்டு பாதியாக இருக்கும், முதல் பாதி சொன்னதை இரண்டாம் பாதி வேறு வார்த்தையில் திரும்பச் சொல்லும், அல்லது அதற்குப் பதில் சொல்லும். மொழிபெயர்க்கும்போது அந்த இரண்டு பாதி தப்பித்து வந்துவிடுகிறது, வரி நீளம் மட்டும் தாறுமாறாகப் போய்விடுகிறது. ஒரு வசனம் நாலே வார்த்தை, அடுத்தது மூன்று வரி. இதை எப்படி எல்லாரும் சேர்ந்து பாடுவது? இங்கிலாந்துத் திருச்சபைக்காரர்கள் கண்டுபிடித்த வழி இது: மொத்தம் பத்துச் சுரம். முதல் பாதிக்கு நாலு, இரண்டாம் பாதிக்கு ஆறு. ஒவ்வொரு சுரத்திலும் நாலு குரலும் சேர்ந்து நிற்கும். ஒவ்வொரு பாதியிலும் முதல் சுரம்தான் ஓதுகிற சுரம், அதில் எத்தனை வார்த்தை வேண்டுமானாலும் ஏற்றலாம், ஐந்து வார்த்தையானாலும் சரி இருபது வார்த்தையானாலும் சரி, பேசுகிற வேகத்தில் அப்படியே சொல்லிக்கொண்டு போய், கடைசி சில அசைகளை மட்டும் மீதிச் சுரங்களில் நடத்திக் கொண்டுவந்து இறக்க வேண்டும். அவ்வளவுதான். இதையே இரண்டு வசனத்துக்கு நீட்டி இருபது சுரமாக எழுதினால் இரட்டைச் சாண்ட். பேனாவை எடுத்தால் ஐந்து நிமிடத்தில் ஒரு சாண்ட் எழுதிவிடலாம், ஆனால் நூறு வருடம் கழித்தும் பாடுகிற மாதிரி எழுதுவது அவ்வளவு லேசில்லை.

எங்கள் கொங்குப் பக்கத்துச் சபைகளில் இது ஏன் இல்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு, அது எங்கள் ஆட்களிலேயே பலருக்குத் தெரியாது. கோயம்புத்தூரில் 1830-இல் வேலையைத் தொடங்கியது லண்டன் மிஷன். ஈரோடு, சேலம் எல்லாம் அவர்கள் வழிதான். ஈரோட்டில் மிஷனரி பிரப் துரை பெயரில் இருக்கிற அந்தப் பெரிய கோயிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த மிஷன்காரர்களில் பெரும்பாலானவர்கள் காங்கிரிகேஷனல் சபைக்காரர்கள், அதாவது இங்கிலாந்துத் திருச்சபைக்கு வெளியே இருந்தவர்கள், அந்தத் திருச்சபையின் ஆங்கிலிக்கன் ஜெப புத்தகம் அவர்களுக்கு இல்லை. அவர்களுக்கு மூத்தவர் ஐசக் வாட்ஸ். 1719-இலேயே சங்கீதங்களை அடி எண்ணிப் பாட்டாக மாற்றி எழுதிக் கொடுத்தவர். ஆக, சங்கீதத்தைப் பாட வேண்டுமென்றால் அதைப் பாட்டாக்கிப் பாடு என்பதுதான் அவர்கள் பழக்கம். தெற்கே திருநெல்வேலிப் பக்கம் கதை வேறு. அங்கே இருந்தது சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்ற இரண்டு மிஷன் சங்கங்கள், இரண்டுமே ஆங்கிலிக்கன், காலை ஆராதனை மாலை ஆராதனை என்று ஜெப புத்தகப்படி ஒழுங்காக நடந்த இடங்கள், அங்கே சங்கீதத்தைத் தமிழிலேயே சாண்டாக ஓதிப் பாடினார்கள். 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி தென்னிந்தியத் திருச்சபை என்று எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்தாயிற்று. பெயர்ப்பலகை ஒன்றானது, காதுகள் ஒன்றாகவில்லை. எங்கள் சபையில் சங்கீதம் என்றால் ஆயர் ஒரு வசனம் வாசிப்பார், சபை ஒரு வசனம் வாசிக்கும்.

எனக்கு மட்டும் இது எப்படித் தெரியும் என்றால், அம்மாவின் ஊர் திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத். அம்மா கல்யாணமாகி இங்கே வந்துவிட்டார்கள், பெரியம்மா அங்கேயே இருந்துவிட்டார்கள். சின்ன வயதில் மே மாத லீவுக்குப் போனால் பெரியம்மா பக்கத்தில்தான் கோயிலில் உட்காருவேன். அவர்கள் கொயரில் ஆல்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல், பாடினவர்கள், கையில் புத்தகம் இருக்கும், ஆனால் பார்க்க மாட்டார்கள். ஆர்கன் ஒரே ஒரு சுரத்தைக் கொடுக்கும். அப்புறம் நூற்றுக்கணக்கான பேர் ஒரே மூச்சில், தாளமே இல்லாமல், யாரும் கை அசைக்காமல், ஒரு முழு வசனத்தைச் சொல்லிக்கொண்டே போய் ஒன்றாக இறங்குவார்கள். ஒன்றாக நிறுத்துவார்கள். அந்த நடு நிறுத்தத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். எட்டு வயதுப் பையனுக்கு அது என்ன என்று சொல்லத் தெரியாது, ஆனால் அந்த நிறுத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

சரி, கோஸுக்கு வருகிறேன். 1800 டிசம்பரில் இங்கிலாந்தின் தெற்கே ஃபேர்ஹம் என்ற ஊரில் பிறந்தவர், அப்பா அங்கே கோயில் ஆர்கனிஸ்ட். பதினோரு வயதில் லண்டனில் ராஜாவின் கோயில் கொயரான சேப்பல் ராயலில் சேர்த்துவிட்டார்கள். அங்கே பிள்ளைகளுக்கு வாத்தியார் ஜான் ஸ்டாஃபோர்ட் ஸ்மித். இவர் போட்ட ஒரு மெட்டுதான் பிற்பாடு அமெரிக்காவின் தேசியகீத மெட்டானது. ஆள் கடுமையானவர். கோஸ் தன் கைக்காசைச் சேர்த்து ஹேண்டல் எழுதிய ஆர்கன் கன்சர்ட்டோ புத்தகம் ஒன்றை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு போகும்போது வாத்தியார் பிடித்துவிட்டார். நீ இங்கே பாடக் கற்க வந்தாயா, வாசிக்கக் கற்க வந்தாயா என்று கேட்டு, பாடத்தான் என்று பையன் சொன்னதும் புத்தகத்தைப் பிடுங்கி அதாலேயே தலையில் ஒன்று போட்டாராம். கோஸ் வயதான பிறகு இதைச் சொல்லியிருக்கிறார். படிக்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது, காசு சேர்த்து வாங்கின புத்தகம் அது.

அப்புறம் அவருக்கு நல்ல காலம், தாமஸ் ஆட்வுட்டிடம் போய்ச் சேர்ந்தார். இந்த ஆட்வுட் யார் என்றால் 1785 முதல் 87 வரை வியன்னாவில் மோட்சார்ட்டிடமே உட்கார்ந்து பாடம் படித்தவர், மோட்சார்ட் திருத்திக் கொடுத்த அவருடைய பயிற்சி நோட்டுகள் இன்னும் இருக்கின்றன. மோட்சார்ட்டின் மாணவர் ஆட்வுட், ஆட்வுட்டின் மாணவர் கோஸ், கோஸின் மாணவர்களில் ஒருவர் பிற்பாடு பெயர்பெற்ற இசையமைப்பாளரான ஆர்தர் சல்லிவன். நம் ஊரில் பாட்டு வாத்தியார்கள் குரு பரம்பரை சொல்வார்களே, அதே மாதிரிதான். கோஸின் சாண்டுகளில் நாலு குரலும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் நடப்பதற்கு அந்தப் பரம்பரை ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். 1838-இல் ஆட்வுட் இறந்ததும் லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் ஆர்கனிஸ்டாக இருந்த அவர் இடத்துக்கு கோஸ் வந்தார், 1872 வரைக்கும் 34 வருடம் அங்கேதான். 1852 நவம்பரில் வெலிங்டன் பிரபுவின் சவ அடக்கம் அங்கே நடந்தபோது அதற்கென்று அவர் எழுதிய இரங்கல் பாட்டு ஒன்று உண்டு, அவருடைய நினைவுக்கல்லில்கூட அந்தப் பாட்டின் சுரங்களைத்தான் செதுக்கியிருக்கிறார்கள். 1872-இல் சர் பட்டம் கிடைத்தது. 1880 மே மாதம் இறந்தார். சாதுவான, பக்தியுள்ள மனிதர். அவர் காலத்தில் செயின்ட் பாலில் கொயர் நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை, ஆட்கள் ஒழுங்காக வரமாட்டார்கள், அதையெல்லாம் நிமிர்த்தியது அவருக்குப் பின்னால் வந்த ஸ்டெயினர். எனக்கு இந்த விஷயம் முக்கியமாகப் படுகிறது. இத்தனை பேர் வருவார்கள் என்ற நிச்சயம் இல்லாத ஒரு கொயரை வைத்துக்கொண்டு, தினம் காலையும் மாலையும் அன்றைக்குரிய சங்கீதங்களைப் பாட வைத்த மனிதர் அவர்.

தினம் என்று சொன்னதைச் சும்மா சொல்லவில்லை. ஆங்கிலிக்கன் ஜெப புத்தகத்தில் 150 சங்கீதங்களையும் 30 நாளுக்குப் பங்கு போட்டிருக்கிறார்கள், ஒவ்வொரு நாளும் காலைக்கு இவ்வளவு, மாலைக்கு இவ்வளவு. மாதத்துக்கு ஒருமுறை முழுப் புத்தகமும் முடிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. 15-ஆம் தேதி மாலைக்கு 78-ஆம் சங்கீதம் மட்டுமே, 70 வசனத்துக்கும் மேல், ஒரே மூச்சில். இப்படித் தினம் பாடுகிற ஆட்களுக்கு மெட்டு எப்படி இருக்க வேண்டும்? அலுக்கக் கூடாது, அதே சமயம் முந்திக்கொண்டு வந்து நிற்கவும் கூடாது. ஓதுகிற சுரம் உயரத்தில் இருந்தால் நீளமான வசனத்தில் தொண்டை வற்றிவிடும், அடியில் இருந்தால் வார்த்தை கேட்காது. கோஸின் சாண்டுகளை வாசித்துப் பார்த்தால் அந்த ஓதுகிற சுரம் எப்போதும் மனிதர் பேசுகிற உயரத்துக்குப் பக்கத்தில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. இறங்குகிற இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு வளைவு. பீத்தோவனின் 7-ஆம் சிம்பொனியில் இரண்டாம் பகுதி இருக்கிறதே, ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே நடக்கும், அதை எடுத்து கோஸ் ஒரு சாண்டாக மாற்றியிருக்கிறார். முதல்முறை கேட்டபோது எழுந்து நின்றுவிட்டேன். அந்த இசையே ஓதுகிற மாதிரிதானே இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள்!

ஆனால் சாண்டில் பாதி வேலை மெட்டு எழுதுகிறவர் கையில் இல்லை. எந்த அசையில் ஓதுகிற சுரத்தை விட்டு நகர வேண்டும் என்று வசனத்தில் கோடு போடுகிற ஆள் கையில் இருக்கிறது. இங்கிலாந்திலேயே ரொம்ப நாள் இதற்கு அச்சடித்த புத்தகம் கிடையாது, அந்தந்தப் பேராலயத்துக்கு ஒரு பழக்கம், பழகினவர்கள் பாடுவார்கள், புதிதாக வந்தவர்கள் முழிப்பார்கள். ஈலி பேராலயத்து ஆர்கனிஸ்ட் ராபர்ட் ஜேன்ஸ் 1837-இல் கோடு போட்ட சங்கீதப் புத்தகம் ஒன்றை அச்சடித்தார், அதற்கப்புறம்தான் ஒரு வழி பிறந்தது. 1875-இல் வந்த கதீட்ரல் சால்ட்டர் என்ற கோடு போட்ட சங்கீதப் புத்தகம் ஊரெல்லாம் பரவியது, ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு பாடினவர்கள் ஓதுகிற பகுதியைப் படபடவென்று ஓட்டி, கடைசியில் வந்து திம் திம் என்று தாளத்துக்கு அடிக்கிற பழக்கத்தில் விழுந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டில் அதற்கு எதிராகப் பேச்சின் ஓட்டத்திலேயே பாட வேண்டும் என்று பலர் வேலை செய்தார்கள்.

இந்த ஓட்டி அடிக்கிற தப்பையேதான் நாங்களும் செய்தோம்.

போன வருடம் அறுப்பின் பண்டிகைக்கு 121-ஆம் சங்கீதத்தைச் சாண்டாகப் பாடலாம் என்று நான்தான் சொன்னேன். எட்டே வசனம், எல்லாருக்கும் மனப்பாடம், கோஸின் ஓர் இரட்டைச் சாண்டில் நாலு முறை சுற்றினால் முடிந்தது. ஆயர் சரி என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பயிற்சி. கோயில் பக்கத்துச் சந்தில் விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கும், சடக் சடக் சடக் சடக் என்று. எங்கள் ஆட்கள் அந்தச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள், பாட ஆரம்பித்ததும் அவர்களை அறியாமலே தறியின் தாளத்துக்குப் போய்விட்டார்கள். எனக்-கு-ஒத்-தா-சை-வ-ரும் என்று அசைக்கு ஓர் அடி. நான் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன், தாளம் கிடையாதுங்க, பேசற மாதிரிங்க என்று. பெட்ஷீட் கடை அண்ணன், "தாளம் இல்லாம எப்படி தம்பி ஒண்ணாப் பாடறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

பண்டிகை அன்று மூன்றாம் வசனம் வரை எப்படியோ வந்தது. நாலாவது, "இதோ, இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை." இரண்டாம் பாதியில் இரண்டே வார்த்தை, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஒரே ஓசை. பாதிப் பேர் "உறங்குவதுமில்லை"யிலேயே சுரத்தை விட்டு நகர்ந்துவிட்டார்கள், மீதிப் பேர் "தூங்குவது" வரை காத்திருந்தார்கள். இரண்டு கூட்டமும் இரண்டு சுரத்தில் நின்றது. நான் கீபோர்டில் யாருக்குப் பின்னால் போவது என்று தெரியாமல் கையை எடுத்துவிட்டேன். ஆயர் மெல்ல ஐந்தாம் வசனத்தை வாசிக்க ஆரம்பித்தார், சபையும் கூட வாசித்தது, அப்படியே முடித்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மண்டி அக்கா மட்டும் வெளியே வரும்போது, "நல்லா இருந்துச்சு கண்ணு, ஆனா எனக்கு எங்க எறங்கறதுன்னே தெரியல" என்றார்கள். அது என் தப்பு. கோடு போட்டது நான்.

அன்றைக்கு மத்தியானம் பெரியம்மாவுக்கு போன் போட்டேன். வயதாகிவிட்டது, போனைக் காதில் ஒட்டி வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். பாடிக் காட்டு என்றார்கள். பாடினேன். இரண்டு வசனத்திலேயே நிறுத்திவிட்டார்கள்.

"ஏய்யா, என்னத்துக்கு இப்படி ஓடுத? வண்டியா புடிக்கப் போற?"

"இல்ல பெரியம்மா, கடைசியில மெதுவாத்தானே வருது."

"கடைசில மெதுவா வாரது இருக்கட்டும். மொதல்ல பாட்ட விடு. வசனத்த வாசி."

வாசித்தேன்.

"இப்போ எந்த எடத்துல மூச்ச விட்ட? எந்த வார்த்தைல அழுத்துன? அங்கதான் கோடு. பாட்டு ஒன்னத் தேடி வரும்ய்யா, நீ பாட்டத் தேடி ஓடாத."

அன்று ராத்திரி பென்சிலும் வேதப்புத்தகமுமாக உட்கார்ந்தேன். முதல் வசனம்: "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்." நான் முன்பு போட்டிருந்த கோட்டில் "நே", "ரா", "க" மூன்றுக்கும் தனித்தனிச் சுரம். அப்படிப் போட்டால் பாதியின் கடைசிச் சுரம், நாம் நின்று ஓய்வெடுக்க வேண்டிய இடம், அந்த ஒற்றைக் குறில் "க" தலையில் போய் விழுகிறது. யாராவது "நேரா... கஅஅஅ" என்று பேசுவார்களா? இங்கிலீஷில் வசனம் பெரும்பாலும் அழுத்தமான ஒற்றை அசையில் போய் முடியும், மெட்டும் அதை எதிர்பார்த்துத்தான் இருக்கிறது. தமிழில் வார்த்தை வால் நீண்டு போகிறது. ஆகவே கோட்டை முன்னால் தள்ளினேன். "பர்வதங்" வரை ஓதல், "களுக்கு" என்பதில் இரண்டு சுரம், "நேராக" முழுவதும் கடைசிச் சுரத்துக்குள், "நே"யில் கனம் வைத்து மீதியை லேசாக விட்டுவிடுவது. பாடிப் பார்த்தேன். பேச்சு மாதிரியே இருந்தது.

இரண்டாம் பாதியில் ஓர் அதிசயம். "ஏறெ", "டுக்கி", "றேன்." கடைசிச் சுரம் நெடிலில் போய் உட்காருகிறது. பார்த்தால் தமிழ் வினைமுற்றுகள் எத்தனையோ அப்படித்தான் முடிகின்றன. ஏறெடுக்கிறேன், தாழ்ச்சியடையேன், இருக்கிறார், காப்பார். நெடிலும் மெய்யும். சாண்டின் கடைசிச் சுரத்துக்கென்றே செய்து வைத்த மாதிரி. கோஸுக்குத் தமிழ் என்று ஒரு மொழியின் ஓசை எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனால் அவர் விட்டு வைத்த அந்தக் கடைசி இடத்தில் "றேன்" போய் உட்காரும்போது கொஞ்ச நேரம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். "உன்னைக் காக்கிறவர் உறங்கார்" என்பதில் "உ", "றங்", "கார்" என்று மூன்று சுரம் வருகிறது, மெல்ல மெல்ல, தாலாட்டில் தொட்டில் ஆட்டம் குறைகிற மாதிரி. தூங்காதவரைப் பற்றிய வசனம் தாலாட்டாக முடிகிறது. இதை நான் எங்கேயும் படிக்கவில்லை, பாடும்போது வாயில் தெரிந்தது.

பெட்ஷீட் கடை அண்ணன் கேட்ட கேள்விக்கும் அப்புறம் பதில் கிடைத்தது, கோயிலில் இல்லை, ஒரு கல்யாணத்தில். காங்கேயம் பக்கம் என்னோடு படித்தவன் தங்கைக்குக் கல்யாணம். கொங்குக் கல்யாணங்களில் மங்கல வாழ்த்து பாடுவார்கள், கம்பர் பாடிக் கொடுத்தது என்று சொல்வார்கள், குடிமகன் என்று அழைக்கப்படும் பெரியவர் எழுந்து நின்று பாடுவார். சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை கேட்டதுதான், ஆனால் அன்றைக்குத்தான் காது கொடுத்துக் கேட்டேன். அவர் பாடுகிற மெட்டு ரொம்பச் சின்னது. வரியைக் கடகடவென்று சொல்லிக்கொண்டே போகிறார், வார்த்தை கூடினாலும் குறைந்தாலும் கவலை இல்லை, வரியின் கடைசியில் மட்டும் குரலை இழுத்து இறக்குகிறார், இறக்கின இடத்தில் மேளத்தில் ஒரு தட்டு. அடுத்த வரி. அவருக்குத் தாளம் வரிக்கு உள்ளே இல்லை, வரியின் முடிவில் இருக்கிறது. சாப்பிடப் பந்திக்குக் கூப்பிடுகிறார்கள், நான் அந்தப் பெரியவர் பாடி முடிக்கும்வரை நகரவே இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கொயரில் அதைச் சொன்னேன். மங்கல வாழ்த்து கேட்டிருக்கீங்கல்ல, அந்த மாதிரிங்க, வரி முடியற எடத்துல எல்லாரும் சந்திக்கறோம், அதுவரைக்கும் வார்த்தைதான் என்று. அண்ணன் சிரித்துக்கொண்டு, "அதை மொதல்லயே சொல்லி இருந்தா ஆயிருக்குமே" என்றார். முதலில் பாடவே இல்லை. மூன்று வாரம் வெறுமனே சேர்ந்து வாசித்தோம். ஒருவர் மூச்சை ஒருவர் கேட்கிற வரைக்கும் வாசித்தோம். நாலாம் வசனத்தில் "உறங்குவதுமில்லை" முழுக்க ஓதுகிற சுரத்திலேயே, "தூங்" என்ற இடத்தில்தான் நகர்வது என்று எல்லார் தாளிலும் சிவப்புப் பென்சிலால் கோடு. அப்புறம் கோஸின் சுரங்களை அடியில் வைத்தேன். தறி சடக் சடக் என்று ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் இந்த முறை யாரும் அதோடு போகவில்லை. நடுவில் நிறுத்தும்போது தறிச்சத்தம் தெளிவாகக் கேட்டது, நாசரேத்தில் மின்விசிறி கேட்ட மாதிரி.

மாதத்தில் ஒரு ஞாயிறு இப்போது இதைப் பாடுகிறோம். சபையில் சில பெரியவர்களும் ஓதுகிற பகுதியில் மெல்லச் சேர்ந்துகொள்கிறார்கள். அடுத்து 23-ஐ எடுக்கலாம் என்று இருக்கிறோம், "தாழ்ச்சியடையேன்" ஏற்கெனவே அழகாக உட்காருகிறது.

ஒரே ஒரு இடம் மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. ஆறாம் வசனம், "பகலிலே வெயிலாகிலும், இரவிலே நிலவாகிலும் உன்னைச் சேதப்படுத்துவதில்லை." அந்தக் கடைசி வார்த்தை எட்டு அசை. "வதில்" வரை முந்தின சுரத்தில் வைத்துக் கடைசிச் சுரத்தில் "லை" என்று முடித்தால் "லை" தனியாகத் தொங்குகிறது. சரி என்று "தில்லை" இரண்டையும் சேர்த்துக் கடைசிச் சுரத்தில் போட்டேன், கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் காலேஜ் பெண் ஒருத்தி, "அண்ணா, இது சிதம்பரம் தில்லை மாதிரி தனி வார்த்தையாக் கேக்குதுங்க, இல்லைங்கற அர்த்தமே வரல" என்றாள். உண்மைதான், அவள் சொன்ன பிறகு எனக்கும் அப்படித்தான் கேட்கிறது. பெரியம்மாவிடம் கேட்டேன். போனில் இரண்டு விதமாகவும் பாடிப் பார்த்துவிட்டு, நாங்க "லை"யத் தொட்டும் தொடாமலும் விட்டுருவோம்ய்யா, மூச்சுலயே முடிஞ்சிரும் என்றார்கள். அப்படி ஒன்பது பேரும் சேர்ந்து மூச்சிலேயே முடிக்க எங்களுக்கு இன்னும் வரவில்லை. தாளில் அந்த வசனத்துக்கு மட்டும் இரண்டு கோடு இருக்கிறது, ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு, இந்த வெள்ளிக்கிழமை கறுப்பைப் பாடிப் பார்க்கப் போகிறோம்.